நாலாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது வெள்ளி எண்பது காசு

ஐம்பத்தெட்டு வயதில் நீச்சல் உடை வாங்கினேன்.
கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு.
கடைக்காரப் பெண் யாருக்கு என்று கேட்டாள்.
மகளுக்கு என்று சொல்ல
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
எனக்கு மகளே இல்லை.

முழங்காலுக்கு நல்லது என்றார் மருத்துவர்.
எல்லாரிடமும் அதைத்தான் சொல்கிறேன்.
உண்மையில்,
செந்தோசா கடற்கரையில்
எல்லாருடைய செருப்புக்கும் பைக்கும்
காவல் இருந்தே முப்பது வருஷம் போய்விட்டது.

வியாழன் காலை, தோ பாயோ நீச்சல்குளம்.
மூன்றடித் தண்ணீர்தான். தொடை நடுங்குகிறது.
சொல்லித்தரும் அஸ்லினாவுக்கு
இருபத்தாறு இருக்கும்.
"சுவரை விடுங்க ஆன்ட்டி" என்கிறாள்.
பிள்ளே, நான் எங்கே பிடித்திருக்கிறேன்,
சுவர்தான் என்னைப் பிடித்திருக்கிறது.

நான்காவது வாரம்
உடைமாற்றும் அறையில்
ஈரத் தரையை வழித்துக்கொண்டிருந்தவள்
நிமிர்ந்தாள்.

குணவதி.

அங் மோ கியோ தொழிற்சாலையில்
ஒன்பது வருஷம் ஒரே மேசை.
ஒரே விளக்கின் கீழ் ஈயம் உருக்கிப் பற்றவைத்தோம்.
இரவு வேலையில் நான் கண்ணயரும்போது
மேற்பார்வையாளர் வருகிறாரா என்று
பார்த்துக்கொண்டவள்.
தொண்ணூற்றேழில்
சீட்டுப் பணத்தோடு காணாமல் போனவள்.
பதினான்கு பேருடைய பணம்.
என்னுடையது மட்டும் நாலாயிரத்து இருநூறு வெள்ளி.
ஆள் சேர்த்துக் கொடுத்தது நான் என்பதால்
மற்ற பதின்மூன்று பேரும்
என் வீட்டு வாசலில்தான் வந்து நின்றார்கள்.
நான்கு வருஷம் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பார்த்து
பாதிப் பேருக்கு அடைத்தேன்.
மீதிப் பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அவளிடம் சொல்ல வேண்டியதை
எத்தனை ஒத்திகை பார்த்திருப்பேன்!
குளிக்கும்போது, மீன் கழுவும்போது,
இரட்டைமாடிப் பேருந்தில் முன்சீட்டு கிடைத்தபோது.
முதல் வரி ரொம்ப நன்றாக வரும்.
எனக்கே கைதட்டலாம் போலிருக்கும்.

வாயைத் திறந்தேன்.
"லாக்கருக்கு இருபது காசு இல்ல" என்றேன்.

சட்டைப்பையில் தேடினாள்.
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு
இன்னொரு பையில் தேடினாள்.
ஈரக் கையில் ஒரு நாணயம்.
என் முகத்தைப் பார்க்காமலே
"மீதி இருக்கு" என்றாள்.

தண்ணீரில் இறங்கிய பிறகுதான் கணக்குப் போட்டேன்.
நாலாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது வெள்ளி
எண்பது காசு.
வாய்விட்டுச் சிரித்தேன்.
குளோரின் தண்ணீர் மூக்கில் ஏறி, புரையேறி,
இருமி முடித்துப் பார்த்தால்
சுவர் நான்கு முழம் தள்ளி நிற்கிறது.
அஸ்லினா கைதட்டுகிறாள்,
என்ன நடந்தது என்றே தெரியாமல்.

மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.
அது பள்ளிக்கூடச் சுவரில் எழுதுகிற சொல்.
நடந்தது இதுதான்:
கதவைத் திறந்ததும் லாக்கர்
அந்த நாணயத்தைத் திருப்பித் துப்பியது.
ஈர விரலில் வைத்துக்கொண்டு நின்றேன்.
கொடுத்தால்
கடன் மறுபடி முழுசாகிவிடும்.
பணப்பையில் போட்டுக்கொண்டேன்.

இன்றோடு பதினொரு வியாழன்.
லாக்கருக்கு அதே காசு.
கையில் இரண்டு பொட்டலம் கோப்பி,
அவளுக்குச் சீனி இல்லாமல்.
(முதல் வாரம் சீனியோடு வாங்கிவிட்டேன்.
குடித்துவிட்டு, பிறகுதான் சொன்னாள்.)

அந்தப் பணம் எங்கே போனது என்று
அவள் சொல்லவில்லை.
ஒருநாள் கேட்பேன்.
ஆழமான பக்கம் போகப் பழகிய பிறகு.

"முடி சொட்டுது. துவட்டிட்டுப் போ"
என்கிறாள், தரையைப் பார்த்தபடி.
தலையாட்டிவிட்டுத் துவட்டாமலே கிளம்புகிறேன்.
பேருந்துக் குளிரில்
முதுகெல்லாம் ஈரம்.