சம்பளத்துக்கு நான்கு யூரோ பதினெட்டு சென்ட்

லிஸ்பனில் அமைச்சர் பேச எழுந்தபோது
பெனீஷில் மத்திப் படகு கரை தட்டியிருந்தது.
உணவுக்கூடத்துத் தொலைக்காட்சியைப்
பார்க்கவும் ஆளில்லை, அணைக்கவும் ஆளில்லை.
அடுத்த வருட பட்ஜெட்டைக்
காலி நாற்காலிகளுக்கு அவர் வாசித்துக்கொண்டிருந்தார்.
நான் மட்டும் குறிப்பெடுத்தேன்.
சம்பளப் பட்டியல் போடுகிறவளுக்கு
அதுதான் வானிலை அறிக்கை.

மாலையில் கை கழுவிவிட்டு வந்தவர்கள்
வளர்ச்சி விகிதத்தைக் கேட்கவில்லை.
பற்றாக்குறையை அமைச்சர் இரண்டு முறை விளக்கினார்,
இவர்களுக்குத் தெரியாத விஷயம் போல.
எவ்வளவு, என்றார்கள்.

வருமான வரியில் குறைத்திருக்கிறார்கள்.
சம்பளத்துக்கு நான்கு யூரோ பதினெட்டு சென்ட்
கூட வரும், என்றேன்.
"நாலு காப்பி" என்றாள் சுல்மீரா.
"மிச்சச் சில்லறையைத் தட்டில் விட்டால்
கடைக்காரன் எழுந்து நிற்பான்."
சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

தியோலிந்தா ஓடவில்லை.
பதினாறு வருடமாக மீன் தலை கிள்ளுகிறவள்.
விரல்களில் ரேகை தேய்ந்துபோய்
வருகைக் கருவிக்கு அவளைத் தெரியாது.
அவள் வந்ததை தினமும் நான்தான்
பேனாவால் எழுதுகிறேன்.

கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்:
"மேற்பார்வை வேலை மறுபடி தருகிறார்களாம்.
எனக்கு வேண்டாம்.
ஒரு சென்ட் தாண்டினாலும் அடுத்த அடுக்காம்,
மொத்தச் சம்பளத்துக்கும் கூடுதல் வரியாம்.
என் கொழுந்தன் சொன்னான்."

மேசையில் மாதிரி டப்பாக்கள் இருந்தன.
கீழே நான்கு வைத்தேன்.
இதில் டப்பாவுக்கு ஒரு மத்தி அரசாங்கத்துக்கு.
அதன்மேல் மூன்று.
இதில் டப்பாவுக்கு இரண்டு.
உச்சியில் ஒன்று வைத்தேன்.
இதில் மூன்று எடுப்பார்கள்,
இதில் மட்டும்.
மேலே ஒன்று ஏறிவிட்டதென்று
கீழ் டப்பாக்களைத் திறந்து
யாரும் இன்னொரு மீன் எடுப்பதில்லை.

நெடுநேரம் அந்த அடுக்கையே பார்த்தாள்.
"அப்படியானால்
மூன்று வருடம் முன்னால்?"

அந்த மறுப்புக் கடிதத்தைத்
தட்டச்சு செய்தது நான்.
ஏன் என்று கேட்கவில்லை.
பஸ்ஸுக்கு எனக்கும் நேரமாகியிருந்தது.
சொந்தக் காரணங்களால் என்று
நானே ஒரு வரி சேர்த்தேன்,
பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று.

அவள் கணக்குக் கேட்கவில்லை.
ராத்திரி நானாகப் போட்டுப் பார்த்தேன்.
இந்த நாட்டில் வருடத்துக்குப் பதினான்கு சம்பளம்.
மூன்று வருடத்துக்கு நாற்பத்திரண்டு.
ஒவ்வொன்றிலும் கைக்கு வராமல் போனது
நூற்றுப் பன்னிரண்டு யூரோ.
அமைச்சரின் நாலு யூரோ பதினெட்டு அதை அடைக்க
எண்பது வருடம் ஆகும்.
அவளுக்கு இப்போதே ஐம்பத்தொன்று.

அன்று சாயங்காலம் அவள் என்னைத் திட்டவில்லை.
நாளைக்குப் படிவம் கொண்டுவா, என்றாள்.
உச்சி டப்பாவை எடுத்து
ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

மாதிரி டப்பாக்களுக்கு ஒரு பதிவேடு உண்டு,
அதையும் எழுதுவது நான்தான்.
ஒன்பது என்று எழுதினேன்,
எட்டை எண்ணிப் பார்த்துவிட்டு.