யாளியின் கண் இருந்த இடம்

வேதாரண்யத்தில் இறங்கியபோது மணி பதினொன்று.
கையில் பதினேழு தாள்கள்,
மூன்று பாகங்களையும் நிறுத்தி நிறுத்தி
அச்செடுத்த காட்சிகள்.
ஆட்டோக்காரர் முதல் தாளைத் திருப்பிப் பார்த்தார்:
"வெண்பாழும் இல்ல ஒண்ணும் இல்ல சார்,
அகஸ்தியம்பள்ளி உப்பளம்.
போக வர முந்நூறு."

படத்தில் அது பனி.
ஆயிரம் ஆண்டு வெயில் படாத நாடு.
இங்கே பாத்திக்குப் பாத்தி கண்ணாடி விரித்து
வெயில் என் முகத்துக்கே திரும்பி வந்தது.
கீற்று போர்த்திய உப்புக் குவியல்கள்
என் இடுப்புயரம் இருந்தன.
அவற்றைப் பனிமலைத் தொடராகத்தான் தெரியும்,
ஒவ்வொரு சிகரத்தின் பெயரோடும்.

நான்காம் தாளைக் கைநீட்டிப் பிடித்து
அடிவானத்தோடு அடிவானம் பொருத்தினேன்.
இரண்டு மின்கம்பம் அதிகம்.
ஒரு கோட்டை குறைவு.
ஊர் திரும்ப மறந்த பூநாரை ஒன்று
காட்சிக்குள் நடந்து வந்தது.

"இன்னும் நாலடி தெக்கால வாங்க.
அந்தப் பொண்ணு நின்னது அங்க."

வாருபலகையை ஊன்றி நின்றிருந்தார்,
சேலைக்கு மேல் ஆண்சட்டை,
காலில் ஓட்டை விழுந்த காலுறை.
தையல்நாயகி என்று பிறகு சொன்னார்.

ஷூட்டிங் பாத்தீங்களா என்றேன்.
"பாக்குறதா? நாந்தான் யாளி."

மூங்கில் கம்பு, நுனியில் பச்சைப் பந்து.
அதுதான் கண்.
அதைத் தூக்கிப் பிடிக்க நாலு நாள், நாளுக்கு எழுநூறு.
தலையிலிருந்து கால்வரை பச்சைத் துணி,
விரலுக்கும் பச்சை உறை.
"புல்லு மொளைக்காத எடத்துல
என்னைய நாத்தங்கால் மாதிரி நிறுத்திட்டாங்க.
அசையாத, யாளி மூச்சு விடுறப்ப மட்டும்
லேசா ஆட்டுன்னாங்க.
நான் மூச்சு விட்டேன், அதுவும் விட்டுச்சு."

கம்பளிக்குள் வெந்து
படைவீரர்கள் இரண்டு பேர் மயங்கி விழுந்ததும்,
இளநீர் வண்டி பாத்தியில் புதைந்ததும்
அவர் சொல்லச் சொல்ல
எனக்குள் பனி உருகவில்லை.
அதுதான் ஆச்சரியம்.

நான் வந்தது ஒரு பார்வைக்காக.
இரண்டாம் பாகம், கடைசிக்கு முந்தைய காட்சி.
இளவரசி வாளைக் கீழே போட்டுவிட்டு
யாளியை ஏறிட்டுப் பார்ப்பாள்.
ஒன்பது நொடி.
திருச்சியில், பாதி காலியான இரவுக் காட்சியில்
அதைப் பார்த்த மறுநாள் காலை
வேலையை விட்டேன்.
ஏனென்று யாரிடமும் சொல்லத் தெரியவில்லை.
இப்போதும் தெரியாது.

"ஏழு தடவ எடுத்தாங்க," என்றார்.
"ஆறு தடவ கண்ணுல மருந்து போட்டு அழுதுச்சு.
ஏழாவது நெசம்."
எப்படித் தெரியும்?
"என்னையத்தான பாத்துச்சு."

படத்தைப் பேரன் போனில் பார்த்தாராம்.
தன் கையைத் தேடினாராம்.
கை இருந்த இடத்தில் பல் இருந்ததாம்.
கோபம் இல்லையா என்று கேட்க நினைத்து
கேட்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.
"பெரிய பல்லு!"

அந்த நாலடியை நடந்தேன்.
கைபேசியை அவரிடம் நீட்டினேன், படமெடுக்க.
பிறகு என்னவோ தோன்றி
வாங்கிப் பைக்குள் போட்டேன்.
அவருக்குப் புரிந்துவிட்டது.
வாருபலகையைத் தலைக்கு மேல் தூக்கினார்.
பலகையின் விளிம்பிலிருந்து
உப்புநீர் சொட்டியது.
நான் பார்த்தேன்.
எத்தனை நொடி என்று எண்ணவில்லை.
கண் எரிந்தது. வெயிலாக இருக்கலாம்.

"கை வலிக்குது, போதுமா?"

ஆட்டோ ஹாரன் அடித்தது.
தாள்களில் ஐந்து நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தன.
வரப்பில் ஏறும்போது கேட்டார்:
"நாலாம் பாகம் வருதாமே, யாளி செத்துருமா?"
செத்துவிடும் என்றுதான் பேச்சு.
தெரியாதுங்க என்றேன்.

"செத்துக் கெடந்தாலும்
அதப் பாத்து அழ ஒரு பந்து வேணும்ல"
என்றபடி குனிந்து
அடுத்த பாத்திக்குத் தண்ணீர் திறந்தார்.