முழு இழப்பு

குவோப்பியோவில் பிப்ரவரி. நான்கரைக்கே இருட்டிவிடுகிறது.
சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து
ஒரு சின்னக் காரை வைக்கிறேன்.
பெட்ரோல் பங்க் கல்லாவருகே
சூயிங்கம்மோடு தொங்கிக்கொண்டிருந்தது.
இரண்டு யூரோ தொண்ணூறு.
நீள முதுகுள்ள வேகன், கருநீலம்.
ஒரே நிறத்தை அடித்தார்கள், அத்தோடு விட்டார்கள்.
விளக்கும் நீலம், கிரில்லும் நீலம்,
கதவின் கைப்பிடியும் நீலம்.
குருட்டுக் கார்.

பகலில் எனக்கு வேறு வேலை.
காப்பீட்டு நிறுவனத்துக்காக
நொறுங்கிய கார்களைச் சுற்றிச் சுற்றி வந்து
எவ்வளவு குறைந்தது என்று எழுதுவேன்.
கதவு, இத்தனை. கண்ணாடி, இத்தனை.
இருபத்தோரு வருடத்தில்
ஒரு காரின் விலையையும் நான் கூட்டியதில்லை.

இரவில் கூட்டுகிறேன்.
கறுப்பு வண்ணத்தில் மூன்று சொட்டுத் தண்ணீர்,
கிரில்லில் ஓடவிட்டு, காயுமுன்
காது குடையும் பஞ்சால் ஒரே இழுப்பு.
மேட்டில் இருப்பது போய்விடும்,
பள்ளத்தில் இறங்கியது நிற்கும்.
அவ்வளவுதான், காருக்குப் பல் முளைத்துவிட்டது.
வெள்ளி ஜெல் பேனாவால் ஜன்னல் விளிம்பு.
இங்கே மூச்சை அடக்க வேண்டும்,
இருமல் வந்தால் ஒரு வாரம் போச்சு.
பல்குச்சி முனையில் நெயில் பாலிஷ்:
பின்விளக்குக்குச் சிவப்பு,
அதற்குள் இண்டிகேட்டருக்கு ஒரு பொட்டு ஆரஞ்சு.
மேலேயா, கீழேயா?
ஞாபகத்தை நம்பிக் கீழே வைத்தேன்.

வியாழக்கிழமை, மைனஸ் பத்தொன்பதில்,
கிடங்கு முற்றத்துக்கு இழுத்து வந்தார்கள்
அதே வேகனை. அதே நீலம்,
ஆயிரத்து எழுநூறு கிலோ.
சீலின்யார்வி சாலையில் மூஸ் மான் குறுக்கே வந்ததாம்.
கூரையின் முன்பாதி சுருண்டு கிடந்தது,
மத்தி மீன் டப்பாவின் மூடிபோல.
தைஸ்தோ கார்வினென் பக்கத்தில் நின்றார்,
நெற்றியில் ஏழு தையல், கையில் சாவி.
இனி எதற்குச் சாவி என்று நான் கேட்கவில்லை.

முன்பக்கத்தைப் படம் எடுத்தேன். கூரையை எடுத்தேன்.
அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.
பின்னால் போனேன்.
பனியில் மண்டியிட்டேன்.
கையுறையால் உறைந்ததைத் தேய்த்துவிட்டு
பின்விளக்கைப் பார்த்தேன், கிட்டத்தில், நெடுநேரம்.
ஆரஞ்சு மேலே.
கிட்டத்தட்டச் சிரித்துவிட்டேன்.

"பின்பக்கம் நல்லா இருக்குல்ல?"
என் தலைக்கு மேலே அவர் குரல்.
"ஏதாவது தேறுமா?"

மருத்துவர் குனிந்து அத்தனை நேரம் பார்த்தால்
யாருக்கும் நம்பிக்கை வரும்தானே.
எழுந்தேன். முழங்காலைத் தட்டிக்கொண்டேன்.
தேறாது என்றேன்.
தலையாட்டினார். அப்புறம்
நொறுங்கிய கண்ணாடிக்கு நடுவே கையை விட்டு
பனி சுரண்டும் பிளாஸ்டிக் தகடு ஒன்றை எடுத்தார்.
மஞ்சள். விளிம்பு தேய்ந்தது.
"இது என்னுடையது" என்றார்,
மற்றதெல்லாம் எங்களுடையது என்பதுபோல.

முழு இழப்பு என்று டைப் செய்தேன்.
பின்விளக்கு பற்றி எழுத
அந்தப் படிவத்தில் இடமில்லை.

இரவு, அசிட்டோனில் நனைத்த பல்குச்சியால்
தப்பாக வைத்த பொட்டை அழித்தேன்.
நீலமும் கொஞ்சம் கூடவே வந்துவிட்டது,
உலோகம் எட்டிப் பார்த்தது.
மறுபடி சிவப்பு. காய இருபது நிமிடம்.
மறுபடி ஆரஞ்சு, இம்முறை மேலே.
பின்னாலிருந்து மட்டும் பார்த்தால்
அசல் என்றே சொல்வீர்கள்.

உள்ளே, முன்சீட்டுக்குப் பக்கத்தில்,
மஞ்சளில் ஒரு கீற்று வைக்கலாம் என்று தோன்றியது.
ஜன்னல்கள் ஒரே பிளாஸ்டிக், வார்த்து மூடியவை.
எந்தப் பக்கம் திருப்பினாலும்
குச்சி நுழையவில்லை.