நிலம் உறைவதற்கு முன்

ஒன்பதடி நீளம், ஏழடி அகலம், எட்டடி ஆழம் என்றாள்
டோரீன் ஹ்ரிட்சுக், தொலைபேசியில்.
கழிவுநீர்த் தொட்டியா என்றேன்.
இல்லை, ஜூனிபருக்கு என்றாள்.
ஜூனிபர் யாரென்று நான் கேட்கவில்லை.
கேம்ரோஸுக்குக் கிழக்கே, சரளைச் சாலை முடிகிற இடம்,
செவ்வாய்க்கிழமையே வா,
நவம்பர் பிறந்துவிட்டால் உன் இயந்திரத்துக்குப் பல் உடையும்.

வேலியோரம் நின்றாள் ஜூனிபர்.
பழுப்புக் குதிரை, முப்பத்தொரு வயது.
முன்கால் இரண்டையும் தரையில் ஊன்ற மனமில்லாமல்
பாரம் முழுவதையும் பின்னே சாய்த்து,
வெயிலில் காய்ந்த தகரத்தின் மேல் நிற்பவள்போல.

இதற்கா?
இவளுக்கு.

கிணற்றிலிருந்து தூரம் அளந்து
நான்கு முளை அடித்து வைத்திருந்தாள் டோரீன்.
எரிவாயுக் குழாய்க்காரர்கள் மஞ்சள் கொடி நட்டுப் போயிருந்தார்கள்.
நாளைக்கு லாடக்காரன் வந்து இரும்பைக் கழற்றுவான்.
மருத்துவர் வியாழன், காலை பத்து மணி.
ஊசி மருந்து உடம்பிலேயே தங்குமாம்,
தோண்டித் தின்றால் கொயோட்டும் சாகுமாம்,
அதனால் ஆழம் ஒரு அங்குலம் குறையக் கூடாது.
ஒரு பக்கம் மட்டும் சரிவாக விடு,
உருட்டக் கூடாது அவளை, இறக்க வேண்டும்.
மளிகை விலை சொல்கிற குரலில்தான் சொன்னாள்,
ஒரே கையுறையை
மாட்டிக் கழற்றி, மாட்டிக் கழற்றி.

பதினேழு வருடமாக இந்த மாகாணத்தில் மண் அள்ளுகிறேன்.
அடித்தளம், சாக்கடை, ஒருமுறை நீச்சல்குளம்.
எவருக்குக் குழியோ அவரே நின்று பார்க்க
தோண்டியதில்லை.

கரிய மேல்மண் இரண்டடி, அதற்குக் கீழ் மஞ்சள் களி.
களியிலிருந்து ஆவி எழுந்தது.
மேலே பனி விழத் தொடங்கிவிட்டது,
உள்ளே இன்னும் செப்டம்பர்.

'கீழே வைப்பது' என்கிறார்கள் இவர்கள் மொழியில்,
பேருந்து வரும்வரை பையை இறக்கி வைப்பதுபோல.
என் மொழியில் கருணைக்கொலை.
நடுவில் ஒரு க் நிற்கிறது,
இந்தச் சொல்லை ஒரு கையிலும் அந்தச் சொல்லை ஒரு கையிலும் பிடித்தபடி.
ஒன்றை விட்டு ஒன்றைத் தப்பிக்க விடாது.
மதியம்வரை வாளியை இறக்கி ஏற்றி
அந்த க்-இலேயே இருந்தேன்.

இயந்திரத்தை அணைத்ததும் குதிரை நடந்துவந்தது.
பத்துப் பன்னிரண்டு அடிதான்.
நான் ஒரு தேநீர் குடித்து முடிக்கிற நேரம் ஆயிற்று.
குவித்த மண்ணின் ஓரத்தில்
வேரோடு புரண்டு கிடந்தது பச்சை க்ளோவர்.
அதில் வாய் வைத்தது.

டோரீன் கயிற்றைச் சட்டென்று இழுத்தாள்:
வேண்டாம் கண்ணே, காலுக்கு ஆகாது.

ஆறு வருடமாகச் சொல்லிவந்த வாக்கியம்.
ஆப்பிள் இல்லை, சர்க்கரைக் கட்டி இல்லை,
வசந்தத்தில் முதல் புல் இல்லை.
சொன்னதை அவள் காதே கேட்டிருக்க வேண்டும்.
கயிறு
மண்ணில் விழுந்தது.

மண்ணும் வேருமாக மென்றது ஜூனிபர்.
அந்தச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை வயலில்.

கொட்டகைப் பக்கம் தலையைத் திருப்பி டோரீன் சொன்னாள்:
அங்கே கழுதை ஒன்று இருக்கிறது, இவளோடு பதினோரு வருடம்.
வியாழக்கிழமை அதையும் கூட்டிவருவேன், மோந்து பார்க்கட்டும்.
பார்க்காவிட்டால் மாதக்கணக்கில் கூப்பிடும்.
மூடுவதற்கு நீ அவசரப்படமாட்டாயே?

நான் மணிக்கணக்கில் வாங்குவதில்லை என்றேன்.

என் வண்டிக் கதவில் எழுதியிருக்கிறது,
தொலைபேசி எண்ணுக்குக் கீழே,
மணிக்கு நூற்று அறுபது டாலர் என்று.
அவள் அதை நின்று வாசித்தாள்.
பிறகு வாளியில் மீதிக் க்ளோவரைப் பொறுக்கத் தொடங்கினாள்.