மாசக் கடைசி வரைக்கும்

ரேஞ்சர் ஆபீஸிலிருந்து குரல் செய்தி:
"இயல்பைவிட மூணு டிகிரி கூட.
மாசக் கடைசி வரைக்கும் மழை இல்ல.
காட்டைப் பாத்துக்க, அடைக்கலம்."
பின்னால் ஃபேன் ஓடும் சத்தம்.

எதை வைத்து என்று அவர் சொல்லவில்லை.
அக்னி நட்சத்திரத்துக்கே இன்னும் பதினாறு நாள்.
கையில் ஓர் அரிவாள், விளக்குமாறு,
பிடி கழன்ற தெளிப்பான்.
ஊருணியில் கொக்கின் முட்டி நனையாத தண்ணீர்.

கூட்டக் கூட்ட
பட்டை உரித்துப் போடுகிறது தைலமரம்.
நேற்று சுத்தம் செய்த தீக்கோட்டில்
என் செருப்புத் தடம் மூடிவிட்டது.
உச்சிவேளையில் காடே
சளிக்குத் தேய்க்கிற தைலமாக மணக்கும்.
எனக்கு அந்த மணம்தான் பயம்.

பங்குனியில் பூக்குழி இறங்கினேன்.
ஒன்பதே எட்டு, ஒரு கொப்புளமில்லை.
அங்கே நெருப்புக்குக் கரை இருந்தது,
கரையில் குடத்தோடு பெண்கள்.

ரெண்டே காலுக்கு
செட்டிநாடு ரயிலடி தாண்டுகிறது ராமேஸ்வரம் வண்டி.
ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கை,
விரலிடுக்கில் பீடி.
கத்திக்கொண்டே கூட ஓடினேன்.
கை உள்ளே போய்விட்டது.
பீடி?

சருகுக்குள் கைவிட்டுத் தேடுகிறேன்.
தொடுகிற இடமெல்லாம் சுடுகிறது,
எல்லாம் வெயிலாகவே இருக்கட்டும்.