மூன்றாம் பாடம்

மின்வெட்டு அட்டவணையைக்
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.
நான்கு மணிக்குப் போகும்,
ஆறரைக்கு வரும்.
அதற்குள் ஓர் இதழை மெலிதாக்க வேண்டும்,
அதற்குள் ஒரு வாக்கியத்தைத் திக்காமல் சொல்ல வேண்டும்,
அதற்குள்
பக்கத்து வீட்டு நாய் வாயை மூட வேண்டும்.

டோங்காட்டில் ஈரம் அதிகம்.
சர்க்கரை மாவு உள்ளங்கையில் வியர்க்கும்.
"கரும்பாலை ஊரில் இருந்துகொண்டு
சர்க்கரையில் பூச் செய்கிறாய் சித்தி,
கப்பலில் வந்தவர்கள் கதையை
முதல் நிமிடத்தில் வை, விற்கும்" என்றான் குவேந்திரன்.
விற்கும்தான்.
அவர்கள் வெட்டியது கரும்பு, நான் செய்வது பூ.
நடுவில் இருப்பதற்கு
நான் விலை போடுவதில்லை.

என் பூவுக்கே விலை போடத் தெரியாமல்
ஒரு ராத்திரி விழித்திருந்தேன்.
கட்டத்துக்குள் கோடு துடித்துக்கொண்டே இருந்தது.
முந்நூறு ராண்ட். அழித்தேன்.
இருநூற்றைம்பது. அழித்தேன்.
தையல் ஆலையில் பதினேழு வருடம்
வெள்ளிக்கிழமை உறை வாங்கிய கை.
தன் விலையைத் தானே எழுத
அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

முதல் மாதம் ஒன்பது பேர்.
கிம்பர்லியில் ஒரு செவிலி,
ரொட்டிக் கடைக்காரர் ஒருவர்,
யாரென்றே தெரியாத ஏழு பேர்.
ஒருத்தி பணத்தைத் திருப்பிக் கேட்டாள்:
கை மட்டும்தான் தெரிகிறது, முகம் எங்கே?
கைதான் அம்மா பாடம் என்று எழுதினேன்.
அதை அனுப்பவில்லை.
பணத்தை அனுப்பினேன்.

இரண்டாம் வருடம் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
கூரை ஒழுகல் நின்றது.
போனுக்கு அடியில் அடுக்கிய மசாலா டப்பாக்கள்
அடுப்படிக்குத் திரும்பின.

டெஷ்னி அப்போது சேர்ந்தவள்,
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருந்து.
இரவு பதினொன்றுக்குக் கேள்வி அனுப்புவாள்,
நரம்பு எந்தப் பக்கம் ஓடும், கம்பி எத்தனை எண்.
தெருவோரத்தில் ஆரஞ்சும் நீலமுமாய்
அலகு நீட்டி நிற்குமே, அந்தக் கொக்குப் பூவை
என்னைவிடச் சீக்கிரம் செய்தாள்.
பாராட்டி நட்சத்திரம் வேறு கொடுத்தேன்.

போன வாரம் பார்த்தேன்.
சர்க்கரைக் கொக்குப் பூ, ஐந்தே பாடம்,
நூற்றெண்பது ராண்ட்,
ஆசிரியை டெஷ்னி.

நாத்தனார் பெயரில் பணம் கட்டி உள்ளே போனேன்.
விளக்கில்லாத நேரம்,
பாட்டரியில் பதினாறு சதவீதம்.
என் வாக்கியங்கள் எல்லாம் அவள் வாயில்.
"இங்கே நிறுத்தி மூச்சு விடுங்கள், கை தானாகத் தளரும்."
அடிப்பாவி,
அது என் ஆஸ்துமா.
இழுப்பு வந்து நான் நின்ற இடம்.
அதையும் பாடமாக்கிவிட்டாயா?

குவேந்திரன் வக்கீல் நோட்டீஸ் என்றான்.
நான் மூன்றாம் பாடத்தில் இருந்தேன்.
இதழ் காயவைக்க நான் சொன்னது நுரைப் பலகை.
அவள் தட்டில் அரிசியைப் பரப்பி
மேலே மெல்லிய தாள் விரித்து
இதழைப் படுக்கவைத்தாள்.
அவ்வளவுதான்.
பின்னால் ஓட்டிப் பார்த்தேன், மூன்று தரம்.
திட்டிக்கொண்டே அரிசி எடுக்கப் போனேன்.

காலையில் இதழ் நின்றது.
இந்த ஊரில், ஜனவரியில்,
நிமிர்ந்து நின்றது.

விலையில் ஐம்பது கூட்டினேன்.
இந்த முறை அழிக்கவில்லை.
பிறகு மூன்றாம் பாடத்தைப்
புதிதாகப் பதியத் தொடங்கினேன்,
மணி மூன்று நாற்பது.
"இந்த அரிசி யோசனை என்னுடையதல்ல" என்றேன்.
யாருடையது என்று சொல்ல வாய் திறந்தபோது
நாய் குரைத்தது.
சொன்னேன்.
குரைப்பை வெட்டவில்லை,
பெயர் கேட்கிறதா என்று
திரும்பிக் கேட்கவும் இல்லை.