பூச்சிய வீதம்

லூதெயாக்கிலிருந்து ஏழு கிலோமீற்றர்.
மே மாதம் என்று மழைக்கு யாரும் சொல்லவில்லை.
தகரக் கொட்டகைக்குள் நாலு வரிசைக் கூண்டு,
வரிசைக்கு ஒரு சீட்டு:
பூச்சிய வீதம், இரண்டு, நான்கு, ஆறு.

ஆறு என்றால் நூறு கிராம் தீனியில்
ஆறு கிராம் இலைத்தூள்.
ரென் பல்கலைக்கழகத்துப் பொடியன் ஓரெலியன்
முதலில் முருங்கைதான் கேட்டான்.
பாரிசில் லா ஷப்பேல் கடைக்குப் போன் போட்டு
விலை கேட்டுச் சொன்னேன்:
"உன் காடை என்னைவிட நல்லாச் சாப்பிடும்."
சிரித்தான்.
பிறகு எருக்குழிப் பக்கம் கையைக் காட்டினான்.
அங்கே யாரும் நடாத காஞ்சோண்டி
இடுப்பளவு நின்றது.

கையுறை முடிகிற இடம் பார்த்துத் தீண்டியது.
மணிக்கட்டில் ஒரு நாள் தடிப்பு.
வெட்டி, மேல்மாடியில் விரித்து,
தண்டு நொறுங்குமட்டும் காயவிட்டு,
மதாம் கெர்வெல்லாவின் பழைய கோப்பி மெசினில் அரைத்தேன்.
காய்ந்தால் சொறி போய்விடுகிறது,
பச்சை நிற்கிறது.
இதை யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்தது.
காடைகளிடம் சொன்னேன்.

குறும்பூழ் என்று பள்ளிக்கூடத்தில்
ஒரு சொல் மனனம் செய்தோம்.
அது வயலுக்குள் ஓடி ஒளிந்த பறவை.
இது வேறு,
விளக்கைப் பகலென்று நம்பி
ஆறு கிழமையில் முட்டை இடுகிற
இருநூறு கிராம் அவசரம்.

முட்டையை உடைத்துத் தட்டில் ஊற்றி
நிற விசிறியைப் பக்கத்தில் பிடிப்போம்.
வெளிர் மஞ்சள் ஒன்று, செம்மஞ்சள் பதினைந்து.
பூச்சியக்காரிகளின் கரு நாலு.
இரண்டுக்கு ஏழு. நான்குக்குப் பதினொன்று.
ஆறுக்குப் பன்னிரண்டு, ஆனால்
அந்த வரிசையே மெலிந்துபோயிற்று,
கசந்ததோ என்னவோ, தீனி மிஞ்சிக் கிடந்தது.
நிறத்துக்கு ஒரு கணக்கு, நிறைக்கு இன்னொன்று.

நாலாம் கிழமை ஓரெலியனின் முகம் மாறியது.
பூச்சிய வரிசையில் ஒரு முட்டை
பத்து.
தராசைத் துடைத்தான். சாக்குகளை எண்ணினான்.
விசிறியை யன்னல் வெளிச்சத்தில் மறுபடி பிடித்தான்.
இரவு அவன் அறையில் விளக்கு அணையவில்லை,
அந்தப் பத்தை எந்தக் கட்டத்தில் வைப்பதென்று.

பதினேழாம் இலக்கம்.
மற்றவை கொத்திக் கொத்தி
முதுகில் இறகு இல்லாதவள்.
பின்னேரம் பூட்டப்போகையில்
பொக்கற்றில் இருந்து ஒரு பிடித் தூளை
உள்ளங்கையில் நீட்டுவேன்.
அவள் கொத்துவது
யாரோ பென்சிலால் என் கையில்
புள்ளி வைப்பதுபோல் இருக்கும்.

காலையில் சொன்னேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.
"கொடுத்தேன்" என்று சொல்லவேண்டிய இடத்தில்
"கொடுக்கிறேன்" என்று வந்துவிட்டது.
ஓரெலியன் திருத்தவில்லை.
கொப்பியில் பதினேழைக் கோடிட்டு வெட்டி
'நீக்கப்பட்டது' என்று எழுதினான்.
'காரணம்' என்று போட்டு
பக்கத்தில் இடம் விட்டான், எனக்காம்.

இரண்டு நாளாகப் பேனை அங்கேயே கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை லொறி வரும்.
லொறிக்குச் சீட்டு வாசிக்கத் தெரியாது,
எத்தனை வீதம் என்று கேட்காது.
இன்று புதன்.
கணக்கில் இல்லாதவளுக்கு
எவ்வளவு கொடுத்தாலும் பிழையில்லை என்று
பொக்கற்றைப் புரட்டிக் கொட்டினேன்.
அவளுடைய முதுகில்
பழுப்பாய், குத்தூசிபோல்,
இரண்டு இறகு முளைத்திருந்தது.